உண்ணாமலை விட்ட வீடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ராசிபுரத்தில் சிமெண்டுத் தரை போட்ட வீடுகளை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிடலாம். மற்றதெல்லாம் மண் தரைதான். மண் தரை என்றால் வாரம் தவறாமல் சாணி கரைத்து மெழுகியாக வேண்டும். இல்லாவிட்டால் புழுதி கிளம்பி உட்கார்ந்தவன் சோற்றில் விழும். வசதி வந்துவிட்ட வீட்டுப் பெண்களுக்கு இந்த வேலைக்கு மட்டும் இடுப்பு வளைவதில்லை. அவர்களை நம்பித்தான் உண்ணாமலை பிழைத்தாள்.

அவள் யாருக்கும் பண்ணையாள் இல்லை. அவளாக வீடு பிடித்தாள், அவளாக முறை வைத்துக்கொண்டாள். ஐந்து வீடுகள். கூட்டுவது, பெருக்குவது, ஒட்டடை அடிப்பது, மெழுகுவது எல்லாம் அவள் பொறுப்பு. அவள் மெழுகின தரையில் கை போன தடம் அலை அலையாகத் தெரியும், கை எங்கே நின்றது என்று மட்டும் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு. "புடிக்கலீன்னா அந்த ஊட்டையே உட்டுப்போடுவேன்" என்று கிணற்றடியில் வீறாப்புப் பேசுவாள். இந்தப் பேச்சு ஆறேழு வருஷமாக நடக்கிறது. ஒரு வீட்டையும் அவள் விட்டதில்லை.

விடவேண்டிய வீடு எது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். பட்டு வியாபாரி கண்ணுசாமி வீடு. கண்ணுசாமி பாவம், வாயில்லாப் பூச்சி. அவர் மனைவி முத்தாயம்மாள்தான் அந்த வீட்டில் வாய். உண்ணாமலை சாணிக்கூடையோடு உள்ளே நுழைந்ததும் விசாரணை ஆரம்பித்துவிடும்.

"ஏண்டி, இது எந்த மாட்டுச் சாணி?"

"நல்ல பசுமாட்டுதுங்க."

"நேத்துப் போட்டதா, இன்னைக்கிப் போட்டதா?"

"இன்னைக்கிதானுங்கம்மா."

முத்தாயம்மாள் குனிந்து மோந்து பார்ப்பாள். "இன்னைக்கிப் போட்ட சாணி இப்படியா நாறும்? போய் வேற கொண்டா."

சாணியை மோந்து நாள் கணிக்கிற ஜோசியம் அந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் கைவந்திருந்தது. மெழுகி முடித்துக் காய்ந்த பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூலை மூலையாக நடப்பாள். "இங்க கை படல. இன்னொருக்கா வழி." கை பட்டிருக்கும். ஆனால் பட்டது என்று சொன்னால் அன்றைக்குப் பொழுது அங்கேயே சாய்ந்துவிடும். உண்ணாமலை பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மெழுகுவாள்.

நெய் வியாபாரி சரவணமுத்துவின் வீடு இதற்கு நேர்மாறு. அவர் மனைவி காளியாத்தாள் உண்ணாமலையைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவாள். பழைய சோறு என்று ஒருநாளும் போட்டதில்லை. சூடாகக் கம்பஞ்சோறு, மேலே ஒரு கரண்டி மோர், போகும்போது மடியில் ஒரு வெற்றிலை. உண்ணாமலைக்குப் பிள்ளை தங்காமல் போனபோது கூடவே உட்கார்ந்து அழுதவள் அவள்தான். உண்ணாமலையின் பிழைப்பும் அந்த வீட்டை நம்பித்தான் இருந்தது. அவளுக்குச் சொந்த மாடு கிடையாது. விடியலில் காளியாத்தாள் வீட்டுத் தொழுவத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, அங்கேயே கூடையை நிரப்பிக்கொண்டுதான் மற்ற நாலு வீட்டுக்கும் போவாள். அந்தச் சாணி இல்லையென்றால் அவளுக்குத் தொழிலே இல்லை.

அந்த வருஷம் மார்கழியில் சேலத்துப் பக்கம் பிளேக் வந்திருப்பதாகப் பேச்சு அடிபட்டது. பிளேக் என்றாலே ஊருக்கு ஈரக்குலை நடுங்கும். முதலில் எலி விழும். காரணமில்லாமல் வீட்டுக்குள் எலி சுருண்டு செத்துக் கிடந்தால், அப்புறம் மனிதர்களுக்குக் காய்ச்சல், அக்குளிலோ தொடையிடுக்கிலோ கட்டி, அப்புறம் பாடைதான். எலி விழுந்தால் அதிகாரிகளுக்குச் சொல்லவேண்டும் என்று தமுக்கு அடித்தார்கள். சொன்னால் ஆட்கள் வந்து கூரை ஓட்டைப் பிரித்து வெயில் விடுவார்கள், மருந்து அடிப்பார்கள், வீட்டைப் பூட்டிக் குடும்பத்தோடு ஊருக்கு வெளியே கொட்டகைக்கு அனுப்புவார்கள். அந்த வீட்டில் அப்புறம் யார் பெண் எடுப்பார்கள், யார் சரக்கு வாங்குவார்கள்? அதனால் சொல்லாமல் மறைக்கிறவர்களும் இருந்தார்கள்.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் காலை, காளியாத்தாள் நெய்க்குடங்கள் வைக்கிற அறையைப் பெருக்கச் சொன்னாள். மூலையில் ஒரு எலி செத்துக் கிடந்தது. உண்ணாமலைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பயந்துக்காத சாமி," என்றாள் காளியாத்தாள். "எலித்தொல்லை பொறுக்க முடியலீன்னு எங்கூட்டுக்காரரு பாசாணம் வெச்சிருக்கறாரு. நாலு நாளைக்கு இப்படித்தான் கெடக்கும். எடுத்து எருக்குழியில போட்டு மண்ணத் தள்ளிடு. வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத, ஊரு ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசும்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் உண்ணாமலை கூடையைப் போட்டுவிட்டு ஓடியிருப்பாள். சொன்னது காளியாத்தாள். நெய் இருக்கிற இடத்தில் எலி வராதா, எலி வந்தால் பாஷாணம் வைக்க மாட்டார்களா? வாலைப் பிடித்துத் தூக்கிக் குழியில் போட்டாள். மறுநாள் இரண்டு. அப்புறம் தினமும் ஒன்றோ இரண்டோ. அதைப் போட்டுவிட்டு வந்த கையோடு பக்கத்தில் கிடந்த சாணியை அள்ளிக் கூடையில் நிரப்பி, தலையில் வைத்துக்கொண்டு நாலு வீட்டுக்கும் போனாள்.

தை பிறந்து சில நாள் ஆயிருக்கும். வழக்கம்போலக் கண்ணுசாமி வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே முத்தாயம்மாள் நின்றுகொண்டிருந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"அங்கயே நில்லுடி! ஒரு எட்டு வெச்சே, காலை முறிச்சுப்போடுவேன்!"

உண்ணாமலை அப்படியே நின்றுவிட்டாள்.

"எங்கூட்டுல எலி உழுந்திருக்குது. மூணு எலி. நீ கூடை எறக்கி வெக்கற மூலையிலதாண்டி மொத எலி கெடந்துச்சு. உங்கூடையிலதான் வந்துச்சு. எந்தச் சாக்கடையில அள்ளிக்கிட்டு வந்தியோ, எமனைக் கொண்டாந்து எங்கூட்டுக்குள்ள எறக்கிட்டியேடி!"

தெருவே கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்தது. முத்தாயம்மாள் ஒரு விளக்குமாற்றுக் கட்டையால் உண்ணாமலை தலையிலிருந்த கூடையைத் தட்டிவிட்டாள். சாணி நடுத்தெருவில் சிதறியது. இத்தனை வருஷம் எவ்வளவோ கேட்டிருக்கிறாள், இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. கூடையைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

பாரவண்டி ஓட்டுகிற அவள் புருஷன் அங்கமுத்து அன்றைக்கு வீட்டில்தான் இருந்தான். கேட்டதும் கொதித்துப் போனான்.

"உட்டுத் தொலை அந்த ஊட்ட! அந்தம்மா வாய்க்கு நீ எத்தனை நாளைக்குத்தான் குனிவே?"

"இப்ப உட்டா, நாந்தான் கொண்டாந்தேன்னு ஒத்துக்கிட்டு ஓடிப்போனதா ஊரு பேசுமுங்க."

"உடலீன்னா?"

உடலீன்னா மானம் போகும். அதுவும் அவளுக்குத் தெரிந்தது. விட்டாலும் அவமானம், விடாவிட்டாலும் அவமானம். அழுக்குக்காரி என்று பேர் எடுத்த பின் மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தும். துப்புரவு ஒன்றைத்தான் அவள் விற்றுப் பிழைத்தாள், அதிலேயே மண்ணைப் போட்டுவிட்டாள் முத்தாயம்மாள். அன்று பூராவும் அந்த அம்மாளை மனசுக்குள் வைது தீர்த்தாள்.

மறுநாள் காளியாத்தாளிடம் சொல்லி அழுதாள். காளியாத்தாள் தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அவ வாயில புழு நெளிய. நீ அந்தூட்ட உட்டுரு சாமி. அந்தத் தெருப் பக்கமே போவாதே. அவ கேட்டாலும், ஊர்க்காரங்க கேட்டாலும், எங்கிருந்து சாணி எடுத்தேன்னு ஒரு பேச்சும் பேசாதே. உனக்கு நான் இருக்கறேன்."

இந்த ஆறுதல் உண்ணாமலைக்கு வெல்லமாய் இனித்தது. அந்த நிமிஷமே முடிவு பண்ணினாள். கண்ணுசாமி வீடு இனிமேல் கிடையாது. ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும்.

முத்தாயம்மாள் அதற்குள் தானே ஆளனுப்பி அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டிருந்தாள். ஓட்டைப் பிரித்தார்கள். மருந்து அடித்தார்கள். தெருக்காரர்கள் எல்லாம், தங்கள் தெருவுக்கும் பேர் கெட்டுப்போயிற்றே என்று அவளைத்தான் திட்டினார்கள். கண்ணுசாமிக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. ஊருக்கு வெளியே சோளக்காட்டு ஓரத்தில் ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். உண்ணாமலைக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த வாய்க்கு இது வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

காளியாத்தாள் வீட்டில் கல்யாண வேலை ஆரம்பித்துவிட்டது. தை கடைசியில் மகள் ராசாத்திக்கு முகூர்த்தம். மாப்பிள்ளை சங்ககிரிப் பக்கம். உறவுக்காரர்கள் முன்னாடியே வந்து இறங்க ஆரம்பித்தார்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விடியலில் உண்ணாமலை தொழுவத்தைக் கூட்டப் போனாள். எருக்குழி ஓரமாக வீட்டுக் காவல் நாய் எதையோ காலால் அழுத்திக்கொண்டு கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் எலி. நேற்று அவளே மண் தள்ளி மூடின எலி.

"அய்யோ அம்மா! நாயி பாசாண எலியத் தின்னுது! செத்துப்போயிருமுங்க! ஓடியாங்க!"

காளியாத்தாள் கொல்லைப்புறத்தில் மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தாள். அந்த நாயை அவள் குட்டியிலிருந்து பால் ஊற்றி வளர்த்தவள். நாய் நொண்டினால்கூட வைத்தியனைக் கூப்பிடுகிறவள். அவள் உலக்கையை நிறுத்தவில்லை, தலையைக்கூடத் தூக்கவில்லை.

"அதுக்கு ஒண்ணும் ஆவாது சாமி. அஞ்சாறு நாளாத் தின்னுக்கிட்டுத்தான் இருக்குது. நீ வேலையப் பாரு."

உண்ணாமலை நாயைப் பார்த்தாள். அது வாலை ஆட்டிக்கொண்டு கொழுகொழுவென்று நின்றது. அஞ்சாறு நாளாகப் பாஷாணம் தின்ற எலியைத் தின்கிற நாய் எப்படி நிற்கும்? நிற்காது. எலி பாஷாணத்தில் சாகவில்லை. பாஷாணமே வைக்கவில்லை.

அவள் தன் கையைப் பார்த்தாள். இந்தக் கையால்தான் எடுத்தாள். இந்தக் கையால்தான் சாணி அள்ளினாள். இந்தக் கையால்தான் நாலு வீட்டுத் தரையையும் மூலை விடாமல் தடவி மெழுகினாள். அதில் ஒரு வீட்டில் பிறந்து பத்து நாள்கூட ஆகாத பச்சைக்குழந்தை தரையில் துணி விரித்துக் கிடக்கிறது. முத்தாயம்மாள் நடுத்தெருவில் நின்று கத்தியது அவள் காதில் மறுபடி கேட்டது. கத்தினது அத்தனையும் உண்மை. ஒரு எழுத்துப் பிசகில்லை.

காளியாத்தாளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கூடையை அங்கேயே போட்டுவிட்டுக் கொல்லை வழியாக வெளியேறினாள். கால் போன போக்கில் நடந்தவள் நின்ற இடம் சோளக்காட்டு ஓரத்து ஓலைக் கொட்டகை.

முத்தாயம்மாள் வெளியே மூன்று கல் வைத்து வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். உள்ளே கண்ணுசாமி முனகுகிற சத்தம் கேட்டது. உண்ணாமலையைக் கண்டதும் ஒரு விறகைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அக்கட்டாலயே நில்லு! கிட்ட வராதே. இவுருக்குக் கட்டி கண்டிருக்குது."

உண்ணாமலை வரப்பிலேயே நின்றாள். நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொன்னாள். நெய்க்குட அறை, எலி, பாஷாணம், நாய். சொல்லச் சொல்ல அழுகை முட்டியது. "நாந்தானுங்கம்மா கொண்டாந்தேன். நீங்க சொன்னது நெசந்தானுங்க" என்று முடித்துவிட்டுக் கையைக் கூப்பினாள். அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தாள்.

முத்தாயம்மாள் கையிலிருந்த விறகை அடுப்பில் செருகினாள்.

"இதை எங்கிட்ட எதுக்குடி வந்து சொல்றே? நான்தான் ஊட்டை உட்டுட்டு வெளிய கெடக்கறனே. நாளைக்கு அங்க கண்ணாலம். எத்தன சனம் வரும்? பந்தியில அத்தன பேரும் அந்தத் தரையிலதான் உக்காருவாங்க. போய் அவங்ககிட்டச் சொல்லு."

"என்ன நம்புவாங்களாங்க?"

"நம்பறாங்க, நம்பாம போறாங்க. நீ சொன்னியா இல்லியா? இங்க நின்னு அழுது என்னத்த ஆவும்? அழுகையை நிறுத்திட்டுப் போடி!"

அந்த நிலைமையிலும் அவள் வாய் கொஞ்சங்கூட இளகவில்லை. ஆனால் ராசிபுரத்தில் உண்ணாமலையிடம் அன்றைக்கு நேராகப் பேசினவள் அவள் ஒருத்திதான்.

திரும்பி வருகிற வழியெல்லாம் உண்ணாமலை தனக்குள் வாதாடிக்கொண்டே வந்தாள். சொன்னால் காளியாத்தாள் வீடு போயிற்று. அந்த வீட்டோடு சாணி போயிற்று, சாணியோடு மற்ற வீடுகளும் போயிற்று. எலி தூக்கின கை என்று தெரிந்தபின் யார் அவளை உள்ளே விடுவார்கள்? அங்கமுத்துவின் வண்டிக்கூலியில் இரண்டு வயிறு ரொம்பாது. ராசாத்தி வேறு, அவள் இடுப்பில் தூக்கி வைத்து வேடிக்கை காட்டின பெண். அந்தப் பெண்ணின் கல்யாணத்தைத் தன் வாயாலேயே நிறுத்துவதா? சொல்லாவிட்டால் என்ன? ஒரு நாள்தானே, கல்யாணம் முடிந்து எல்லாரும் போய்விடுவார்கள். எங்கே போவார்கள்? இளம்பிள்ளைக்கு, ஆத்தூருக்கு, சங்ககிரிக்கு. அவள் கூடையில் போனது நாலு வீட்டுக்குத்தான். இவர்கள் மூட்டையில் எத்தனை ஊருக்குப் போகும்? அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கு நடை வேகமாகிவிட்டது.

பந்தலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் தரையில் புரண்டன. காளியாத்தாள் அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

"எங்க சாமி போயிட்டே? மணவறை போடற எடத்த நீதான் வழிக்கோணும். உனக்குப் புதுச்சீலை எடுத்து வெச்சிருக்கறேன், வந்து பாரு."

"நான் வழிக்க மாட்டனுங்கம்மா."

காய் நறுக்கினவர்கள் நிமிர்ந்தார்கள். உண்ணாமலை பந்தலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"எல்லாரும் கேளுங்க. இந்தூட்டுல எலி உழுந்திருக்குது. மார்கழியிலிருந்து உழுவுது. இந்தக் கையாலதான் எடுத்து எருக்குழியில போட்டேன். கொழந்தைங்களத் தூக்கிட்டு எல்லாரும் வெளிய போயிருங்க."

சரவணமுத்து பாய்ந்து வந்தார். "பாசாணம் வெச்சுக் கொன்ன எலியடி! முத்தாயிகிட்ட என்ன வாங்கித் தின்னுட்டு வந்து இப்படிப் பேசறே?"

"பாசாண எலியத் தின்ன நாயி அந்தாப் படுத்திருக்குது பாருங்க. அது ஏனுங்க சாவல?"

எல்லாத் தலையும் தொழுவத்துப் பக்கம் திரும்பியது. நாய் நல்ல வெயிலாகப் பார்த்துப் படுத்துக் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. ஒரு பெண் எழுந்து தன் குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் அரிவாள்மணையை மடக்கினாள். அப்புறம் பந்தலே கலைந்தது. மூட்டையைத் தேடுகிறவர்கள், பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள், வண்டி பூட்டச் சொல்லிக் கத்துகிறவர்கள். உள்ளேயிருந்து ராசாத்தி அழுகிற சத்தம் வந்தது. சரவணமுத்து வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காளியாத்தாள் மெதுவாக நடந்து வந்து உண்ணாமலையின் கையைப் பிடித்துக்கொண்டாள். எலி தூக்கின கை. அவள் குரலில் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் உண்ணாமலைக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"இப்படிப் பண்ணிட்டியே சாமி. உனக்கு நான் என்ன கொறை வெச்சேன்?"

"நான் செத்துப் போயிருப்பனேங்கம்மா."

"அப்படிச் சொல்லாதே. உனக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு மாரியாத்தா கோயில்ல தெனமும் உம்பேரச் சொல்லி நெய் வெளக்குப் போட்டனே! ஒரு நாளும் தவறல. பூசாரியக் கேட்டுப்பாரு."

உண்ணாமலை அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னைக்கிருந்துங்கம்மா போட்டீங்க?"

"மொத எலிய நீ தூக்குன அன்னைக்கிருந்து," என்றாள் காளியாத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நிஜமாகவே நின்றது.

உண்ணாமலை கையை உருவிக்கொண்டு வெளியே வந்தாள். பச்சைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு முதலில் போகவேண்டும். தெருவில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் முதல் எலியிலேயே காளியாத்தாளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பது அவளுக்கு உறைத்தது. உண்ணாமலை பிறந்ததிலிருந்து அவள் பேரைச் சொல்லி விளக்குப் போட்டவர்கள் வேறு யாருமே இல்லை.